இழப்புப் பத்தியில் ஓர் ஆறு

அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் தங்கம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோட்டத்தரை வட்டாரத்தில், பாறையைத் துளையிட்டுப் பார்த்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை எழுதிவைத்த செய்தி இது. இன்று அங்கே சுரங்கம் எதுவும் ஓடவில்லை. என்றைக்காவது ஓடினால், தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் நீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பழைய தாள்களில் பதில் இருக்குமா என்று தேடப் போனதிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

வரைபடத்தைப் பார்த்தவுடன் ஒன்று தெரிந்துவிடும். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே அரபிக் கடலுக்குப் போகின்றன. கபினி, பவானி, பாம்பார் மூன்றும் கிழக்கே திரும்புகின்றன. இவற்றில் பவானி பாலக்காட்டு ஆறு, பாம்பார் இடுக்கி ஆறு. நீலகிரியில் பிறக்கும் பவானி அட்டப்பாடிக்குள் இறங்கி, முக்காலி அருகே கிழக்கே வளைந்து, சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே அதைத் தடுத்து நிறுத்துவது பில்லூர் அணை. கோவை குடிக்கும் தண்ணீர் அது. மறையூர்ப் பக்கத்திலிருந்து சின்னாறு வழியாக வரும் பாம்பார், உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையில் விழுகிறது. ஆக, இந்த எல்லை மலைகளில் கேரளம் தோண்டினால் அடுத்த வாய் தமிழ்நாட்டின் வாய்.

வடக்கே கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. பந்தலூர், தேவாலா, கூடலூர் ஆகியவை இன்று நீலகிரி மாவட்டம். ஆனால் அந்தச் சரிவின் பாண்டியாறும் புன்னம்புழாவும் கேரளத்துக்குள் இறங்கி, நிலம்பூர் வழியாகச் சாலியாற்றில் கலக்கின்றன. அங்கே தமிழ்நாடு தோண்டினால் அடுத்த வாய் கேரளத்தின் வாய். அங்கே உண்மையாகவே தோண்டினார்கள். என் தேடலின் முதல் தடம் அது.

ஆவணத்தில் தண்ணீருக்குத் தலைப்பு இல்லை

தென்கிழக்கு வயநாடு என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய அந்தப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நம்பலாக்கோடு, மூணநாடு, சேரங்கோடு ஆகிய மூன்று அம்சங்களையும் (மலபாரின் வருவாய்ப் பிரிவுகள்) பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். ஆய்வாளருக்கு இது பெரிய தொந்தரவு. ஒரே குன்றின் தாள்கள் கோழிக்கோடு ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூர்க் காப்பகத்திலுமாகப் பிரிந்து கிடக்கும். ஒரு கட்டின் தொடர்ச்சி இன்னொரு மாநிலத்தில் இருக்கும்.

எழும்பூரில் அட்டவணைத் தொகுதிகளை வைத்துக்கொண்டு தண்ணீர், கழிவு, ஓடை, புகார் என்று வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தபோது அங்கே பணிபுரியும் ஒருவர் சொன்னார்: "தண்ணின்னு தேடினா பாசனந்தான் வரும் சார். சுரங்கம்னா கம்பெனி பேர்ல பாருங்க, நிலக் குத்தகையில பாருங்க." பழைய ஆட்சியின் மனம் எப்படி வேலை செய்தது என்பதை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். வரி தரும் நீருக்குத் தலைப்பு உண்டு. வெளியே ஓடும் நீருக்குக் கிடையாது.

கம்பெனிகளின் பெயரில் பார்த்தால் வந்து குவிகின்றன. வில்லியம் கிங் 1875இல் புவியியல் ஆய்வுத் துறைக்காக எழுதிய முதல் குறிப்பு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையை நடத்திய ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879இல் இங்கே வரவழைக்கப்பட்டு, 1880இல் தந்த அறிக்கை. அதை நம்பி லண்டனில் வெடித்த பங்குச் சந்தைப் பித்து. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த 1908ஆம் ஆண்டின் நீலகிரி கெசட்டியர், 1879 முடிவிலிருந்து 1881 முடிவுக்குள் இங்கிலாந்தில் 41 கம்பெனிகள் பதிவானதையும், அவற்றின் பெயரளவு முதல் 50 லட்சம் பவுண்டு என்பதையும் சொல்கிறது. பிறகு சரிவு. ஹேடனும் ஹாட்சும் 1901இல் எழுதிய புவியியல் அறிக்கை அந்தக் கனவுக்கு ஏறத்தாழ முற்றுப்புள்ளி வைத்தது.

நான் புரட்டிய பக்கங்களில் தண்ணீர் வராமல் இல்லை. சக்கரத்தைச் சுழற்றும் விசையாக வரும். சுரங்கத்துக்குள் புகுந்து வேலையைக் கெடுக்கும் எதிரியாக வரும். இடித்த பாறைப் பொடியை அடித்துச் செல்லும் கருவியாக வரும். ஆலையை விட்டு வெளியேறிய பின் என்ன ஆயிற்று என்பது மட்டும் வராது. டன்னுக்கு எத்தனை பென்னிவெயிட் தங்கம் என்பதோடு எழுத்தரின் பேனா நின்றுவிடுகிறது.

ஆனால் இந்தக் கம்பெனிகள் ஏன் தோற்றன என்ற விளக்கத்துக்குள் ஒரு தடயம் இருக்கிறது. மேல்மட்டத்தில் மழையும் காற்றும் பட்டுச் சிதைந்த படிகக் கல்லில் தங்கம் தனித்துக் கிடக்கும். அரைத்துப் பாதரசத்தின்மேல் ஓடவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் தங்கம் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்துக்குள் அடைபட்டிருக்கும். அங்கே பாதரசம் பயன்படாது. பைரைட்டை வெளியே எடுத்துக் காற்றிலும் மழையிலும் போட்டால் இன்னொன்று நடக்கும். ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாற்றும். இந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்கும் நுண்ணுயிரி ஒன்றை 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டுபிடித்தார்கள். அந்த அமிலம் வழியிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துச் செல்லும். உலகெங்கும் உலோகச் சுரங்கங்கள் விட்டுச் செல்லும் முதன்மையான நஞ்சு இதுதான். வயநாட்டில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய அதே கனிமம்தான் ஓடைகளுக்கும் ஆபத்து. அறிக்கைகள் ஏமாற்றத்தை மட்டும் பதிவு செய்தன.

பாதரசத்தின் வரவு செலவு

ஊரைப் பற்றிய தாள்கள் பேசாதபோது, தொழிலைப் பற்றிய புத்தகங்களைக் கேட்க வேண்டும். ஹென்றி லூயி 1894இல் வெளியிட்ட தங்க ஆலைக் கையேடு அக்காலத்து ஆலைக்காரர்களின் பாடநூல்களில் ஒன்று. அந்தத் தலைமுறைக் கையேடுகளில் ஆசிரியர்கள் கவலையோடு பேசும் ஒரு பொருள் உண்டு: பாதரச இழப்பு.

இரும்பு உலக்கைகள் பாறையை இடிக்கும். பொடி, நீரோடு சேர்ந்து குழம்பாகி, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின்மேல் வழியும். தங்கம் பாதரசத்தில் பிடிபடும். அந்தக் கலவையைச் சுரண்டி, பிழிந்து, சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போகும், தங்கம் நிற்கும். ஆவியைக் குளிர்வித்துப் பாதரசத்தை மீட்கலாம். ஆனால் போட்ட அளவு ஒருபோதும் திரும்பி வராது. உலக்கையடியில் பாதரசமே மாவுபோல் நொறுங்கிக் குழம்போடு ஓடிவிடும். பாறையில் கந்தகமும் ஆர்சனிக்கும் இருந்தால், துளிகளின்மேல் படலம் படிந்து, அவை ஒன்றோடொன்று சேராமல் அடித்துச் செல்லப்படும். அதாவது பைரைட் மிகுந்த பாறை என்றால் தங்கம் குறைவாகக் கிடைக்கும், பாதரசம் அதிகமாகப் போகும். வயநாட்டுப் பாறை அந்த வகை.

கணக்குப் புத்தகத்தில் இது செலவு. பாதரசம் விலை உயர்ந்த பொருள் என்பதால் டன்னுக்கு எவ்வளவு தொலைந்தது என்று எழுதினார்கள். அந்தப் பத்தியை ஆற்றின் பக்கம் நின்று படித்தால் அதுவே மாசுப் பதிவேடு. வாங்கியதிலிருந்து மீட்டதைக் கழித்தால் வருவது, காற்றிலும் மண்ணிலும் ஓடையிலும் இருக்கும் பாதரசம். நூறாண்டுக்கு முந்தைய ஆற்று நீரின் மாதிரி நமக்குக் கிடைக்காது. நட்டக் கணக்கு கிடைக்கும். அதுதான் மாதிரி.

இரண்டு பாம்பார்

இடுக்கிப் பக்கம் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பாம்பார் என்ற பெயரைத் தேடியபோது, பாதரசத்தோடு அந்தப் பெயர் வந்து நின்றது. மறையூரிலிருந்து சில மலைமுகடுகள் தள்ளி, கொடைக்கானலில் இருக்கும் பாம்பார்ச் சோலை அது. அந்தச் சோலையின் ஓடை கும்பக்கரை வழியாகக் கீழே இறங்கி வைகைப் படுகைக்குப் போகிறது. இடுக்கியின் பாம்பாருக்கும் அதற்கும் பெயர் மட்டும் ஒன்று. வேறு ஆறு, வேறு வழக்கு. இருந்தாலும் அந்தத் தடத்தை விட மனம் வரவில்லை. இழப்புப் பத்தியை வைத்து மாசை அளப்பது நம் காலத்தில் நடக்குமா என்ற சந்தேகத்துக்கு அங்கே பதில் இருந்தது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்கு, அந்தச் சோலையின் பக்கத்துக்கு, இடம் மாறியது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குத் தீங்கு இல்லை என்பது நிறுவனத்தின் நிலை.

அந்த நீண்ட வழக்காடலின் நடுவே இருந்தது ஒரு கழித்தல் கணக்கு. உள்ளே வந்த பாதரசம் எவ்வளவு, தெர்மாமீட்டருக்குள் ஏற்றுமதியானது எவ்வளவு, கழிவில் பிடிபட்டது எவ்வளவு, மிச்சம் எங்கே? நிறுவனத்தின் ஆலோசகர்கள் ஒரு விடை சொன்னார்கள், எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் கேள்வி இதுதான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. வயநாட்டு ஆலைக்காரர் செலவைக் குறைக்கப் போட்ட கணக்கை, கொடைக்கானலில் சோலையைக் காக்கப் போட்டார்கள்.

சயனைடு மேடுகள்

அடுத்த தடம் தமிழர்கள் தோண்டிய ஊருக்குப் போகிறது. கோலார் தங்கவயலில் லவெல் என்பவர் 1875இல் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் நுழைந்தது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வெள்ளைக்காரச் சுரங்கத்தார் வந்தார்கள். பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், அவர்களிலும் தலித் மக்கள் மிகுதி. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் நின்றது. அதுவரை எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

கோலாரை உயர்த்தியது வயநாட்டுக்குக் கிடைக்காத ஒரு வேதியியல். கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற முறை அது: காரத்தன்மை உள்ள நீர்த்த சயனைடு கரைசல், பொடியாக்கிய பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுக்கும். பாதரசம் விட்டுவிட்ட தங்கத்தையும் அது பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கோலாரில் அது நிலைத்துவிட்டது. தங்கம் போக மிஞ்சிய மாவு மண், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகிலேயே குன்று குன்றாக ஏறியது. ஊர்க்காரர்கள் அவற்றைச் சயனைடு டம்ப் என்கிறார்கள். திரைப்படங்களில் பாலைவனம்போல் பார்த்திருப்பீர்கள்.

டன்னுக்கு 5 கிராம் தங்கம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு பவுனுக்கு 1.6 டன் பாறை இடிபட வேண்டும். கழுத்தில் ஏறும் 8 கிராம் போக மீதி முழுவதும் கழிவு. கோலாரில் அப்படி மிஞ்சியது சுமார் 3.3 கோடி டன். காற்றடி மாதங்களில் அந்த மாவு வீடுகளுக்குள் வருகிறது. "கதவைச் சாத்தினாலும் தட்டுல மண்ணு இருக்கும்ணா" என்றார் மாரிக்குப்பத்தில் நான் சந்தித்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர். "கம்பெனி இருந்தப்ப தங்கம் உள்ள, மண்ணு வெளிய. இப்ப மண்ணுதான் எல்லா இடத்துலயும்."

சயனைடே இன்னும் அப்படியே கிடக்கிறது என்று நினைக்கவேண்டியதில்லை. வெயிலிலும் காற்றிலும் தனிச் சயனைடு சிதைந்துவிடும். இரும்போடு கட்டுண்ட சயனைடும், பாறையிலிருந்து வந்த உலோகங்களும்தான் நீண்ட நாள் நிற்பவை. இந்த மேடுகளில் இன்னும் தங்கம் மிஞ்சியிருக்கிறது என்பதால் அரசுகள் மறுபடி பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 மேடுகளைத் தோண்டும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது.

இங்கே ருமேனியாவின் பாயா மாரேயை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கேயும் நடந்தது பழைய கழிவு மேட்டை மறுபடி சயனைடில் கரைத்துத் தங்கம் எடுக்கும் வேலைதான். 2000 ஜனவரி 30 இரவு கழிவுக் குளத்தின் கரை உடைந்து, சயனைடு கலந்த சுமார் 1 லட்சம் கன மீட்டர் நீர் ஓடையில் இறங்கியது. எல்லை தாண்டி ஹங்கேரியின் டிசா ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. பிறகு டான்யூப். தோண்டியது ஒரு நாடு, இழந்தது இன்னொரு நாடு. பாலக்காட்டு எல்லையில் நின்று பார்க்கும் எவருக்கும் இது தூரத்துச் செய்தி ஆகாது.

நீரைத் திருத்துவது எப்படி

அப்படியானால் இந்த நீரைச் சுத்திகரிக்கவே முடியாதா? முடியும். வழிகள் தெரிந்தவை, பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பவை.

அமில நீருக்கு முதல் மருந்து சுண்ணாம்பு. அமிலம் தணியத் தணிய உலோகங்கள் ஒவ்வொன்றாகக் கரைசலை விட்டு வெளியேறும். பி.எச். 3.5 அளவிலேயே துருவேறிய இரும்பு படியத் தொடங்கும். ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு கீழே போகும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் இன்னும் கூடுதல் காரம் வேண்டும், பி.எச். 9ஐத் தாண்டியும் போகலாம். பாதரசம் சுண்ணாம்புக்குப் பணியாது. அதைக் கந்தகச் சேர்மமாகப் படியவைக்க வேண்டும் அல்லது தூண்டப்பட்ட கரியில் பிடிக்க வேண்டும்.

சயனைடுக்கு வேறு வைத்தியம். கரைசல் எப்போதும் காரமாக, பி.எச். 10.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அமிலம் பட்டால் உயிர் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். குளோரின் விட்டு அழிக்கலாம், ஆனால் காரம் குறைந்தால் நடுவில் இன்னொரு நச்சு வாயு உண்டாகும். 1980களிலிருந்து பரவிய முறையில், செம்பை வினையூக்கியாகக் கொண்டு கந்தக டை ஆக்சைடும் காற்றும் செலுத்தி, சயனைடை நச்சு மிகக் குறைந்த சயனேட்டாக மாற்றுகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் அதைச் செய்யும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1984இலேயே நுண்ணுயிரிகளைக் கொண்டு சயனைடைத் தின்னவைக்கும் ஆலையை நடத்தியது. அதன்பின் மிஞ்சும் அம்மோனியா மீனுக்கு ஆகாது என்பதால் அதையும் கையாள வேண்டும்.

ஆள் நடமாட்டம் குறைந்த மலைப்பகுதிகளுக்குச் சோம்பல் முறைகளும் உண்டு. சுண்ணாம்புக் கல் நிரப்பிய வாய்க்கால், நாணல் வளர்த்த சதுப்பு, மக்கிய இலைதழையில் வளரும், சல்பேட்டைக் குறைக்கும் நுண்ணுயிரிகள். ஓட்டம் சிறிதாக இருந்தால் இவை உழைக்கும். ஜூன் மழையில் ஓடை பத்து மடங்கு பெருகும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவற்றை மட்டும் நம்ப முடியாது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். சயனைடு ஒரு சேர்மம், அதை உடைக்கலாம். பாதரசமும் காட்மியமும் தனிமங்கள், அவற்றை எந்த ஆலையும் அழிக்காது. நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாற்றும், அவ்வளவுதான். சேறு எங்கே போகிறது என்று கேட்காமல் நீர் சுத்தமாயிற்று என்று சொல்வது பாதிக் கணக்கு.

இந்தப் பாடத்தைப் பாலக்காடு சுரங்கம் இல்லாமலே கற்றது. சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடாவில் 2000இல் தொடங்கிய கோக்கோகோலா ஆலையின் சேறு, சுற்று வட்டார விவசாயிகளுக்கு உரம் என்று போய்ச் சேர்ந்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி வெளியிட்டது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையிலும் காட்மியம் தென்பட, சேறு விநியோகம் நிறுத்தப்பட்டது. 2004இல் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் மொத்தச் சேதத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. குளிர்பான ஆலையின் சேற்றுக்கே இந்தப் பாடு என்றால் சுரங்கச் சேற்றுக்கு எப்படி என்று யோசிக்கலாம்.

சுத்திகரிப்பு எத்தனை காலத்துக்கு? இதற்குப் பதில், கோலாருக்கு மேஸ்திரிகளை அனுப்பிய அதே கார்ன்வாலில் இருக்கிறது. அங்கே வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றன. சுரங்கம் நிரம்பி, 1992 ஜனவரியில் அடைப்பு உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் காட்மியத்தோடும் துத்தநாகத்தோடும் கார்னன் ஆற்றில் பாய்ந்தது. ஆறு ஆரஞ்சு நிறமானது. 2000இலிருந்து அங்கே சுண்ணாம்பு ஆலை ஓடுகிறது. படிந்த சேற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அடர்த்தியாக்கி, பழைய கழிவுக் குளத்தில் சேர்க்கிறார்கள். செலவு அரசுடையது. சுரங்கம் லாபம் தந்த காலம் முடிந்தாலும் அதன் நீர் வருவது முடியாது. கோலாரின் சுரங்கங்களும் 2001க்குப் பின் நீர் நிறைந்து கிடக்கின்றன.

டி.எம்.சி.யில் இல்லாத எண்

கடைசித் தடம் சட்டப் புத்தகம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தின்படி, ஆற்றில் விடும் கழிவுநீர் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் பாதரசமும் 0.1 மில்லிகிராம் ஈயமும் 0.2 மில்லிகிராம் சயனைடும் கொண்டிருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் இந்த எண்கள் முறையே 0.001, 0.01, 0.05. ஆர்சனிக்குக்கு இருபது மடங்கு வேறுபாடு. காட்மியத்துக்கு விடுநீர் வரம்பு 2 மில்லிகிராம், குடிநீர் வரம்பு 0.003. இடைவெளியை ஆறு நிரப்பிக்கொள்ளும், நீர்த்துப்போகும் என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை.

அட்டப்பாடியின் கிழக்குப் பாதி மழை மறைவு நிலம். தங்கம் இருப்பதாகச் சொல்லப்படும் கோட்டத்தரையும் அந்தப் பக்கம்தான். கோடையில் இங்குள்ள பள்ளங்கள் வற்றிவிடும். கேரள – தமிழ்நாட்டு எல்லையாக ஓடும் கொடுங்கரைப்பள்ளத்தை உயிர்ப்பிக்கவே 1990களின் நடுவிலிருந்து ஜப்பானியக் கடன் வாங்கி மரம் நட்டு, தடுப்பணை கட்டி, இருளர் ஊர்களைச் சேர்த்துக்கொண்டு பெரும் திட்டம் நடத்தினார்கள். நீர்க்க நீரில்லாத பள்ளத்தில், சட்டப்படி சரியான கழிவுநீரே பள்ளத்தின் முழு நீராகிவிடும். விதியை மீறாமலே ஆறு கெடும்.

மாநிலங்களுக்கு இடையிலான தாளிலும் இதே ஓட்டை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாருக்கு 3. உச்ச நீதிமன்றம் 2018இல் கேரளத்தின் பங்கை மாற்றவில்லை. அந்த அட்டவணை எண்ணுவது கன அடிகளை. 6 டி.எம்.சி. எடுத்தது போக வரும் பவானியில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அதில் பத்தி இல்லை. வடக்கே பாண்டியாற்றுக்கும் இதே நிலை. தேவாலா பக்கம் பழைய குழிகளில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுவது அவ்வப்போது செய்தியாகிறது. அந்த நீர் நிலம்பூருக்கு இறங்கும்போது கேட்பதற்குக் கேரளத்திடமும் எண் இல்லை.

பழைய தாள்களிலிருந்து நான் எடுத்துவந்த பாடம் இதுதான்: சுரங்கம் தன் இழப்பை எப்போதும் எழுதும், செலவு என்ற பெயரில். அதை ஆற்றின் கணக்காகத் திறந்து வைக்கச் சொல்வதே நம் வேலை. அட்டப்பாடியில் குத்தகை பற்றிய பேச்சு எழுந்தால், முதலில் முக்காலியிலும் சிறுவாணி சேரும் இடத்திலும் பில்லூருக்கு மேலும், மழையிலும் கோடையிலுமாகப் பல ஆண்டுகள் நீரையும் வண்டலையும் அளந்து, இன்றைய நிலையைப் பதிய வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் நாளை எந்த நீதிமன்றத்திலும் "முன்பே இப்படித்தான் இருந்தது" என்ற பதில் வெல்லும். உள்ளே வரும் சயனைடும் சுண்ணாம்பும், வெளியே போகும் நீரும் சேறும், இரண்டுக்கும் நடுவே கணக்கில் வராததும் மாதந்தோறும் ஊராட்சிக்கும் பில்லூரில் நீர் எடுக்கும் மாநகராட்சிக்கும் தெரிய வேண்டும். மூடிய பிறகு ஓடவேண்டிய சுத்திகரிப்பு ஆலைக்கான பணம், முதல் வெடி வைக்கும் முன்பே வைப்புத் தொகையாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்தால் தங்கம் கட்டுப்படியாகாது என்று யாராவது சொன்னால், அது தங்கத்தின் உண்மையான விலையை ஒப்புக்கொள்வதாகும். வயநாட்டில் அந்த விலையைக் கம்பெனிகள் ஆற்றின் தலையில் கட்டிவிட்டுப் போயின. பவானிக்கு அந்தக் கணக்கை இரண்டு மாநிலங்களும் சேர்ந்து முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம், அங்கே இன்னும் சுரங்க வேலை எதுவும் தொடங்கவில்லை என்பதால்.